பறித்த பின்னும் மூச்சுவிடும் காய்

செடியிலிருந்து ஒடித்த வெண்டைக்காய் அந்த நொடியில் இறந்துவிடுவதில்லை. வேர் அனுப்பிய தண்ணீரும் இலை அனுப்பிய சர்க்கரையும் நின்றுபோகின்றன, அவ்வளவுதான். காயின் செல்கள் தங்கள் வேலையைத் தொடர்கின்றன. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, கையிருப்பில் இருக்கும் சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகின்றன. தண்டராம்பட்டுப் பக்கமோ கீழ்பென்னாத்தூர்ப் பக்கமோ இருட்டோடு பறித்துக் கூடையில் நிரப்பிய வெண்டை, எக்ஸ்.எல். வண்டியின் பின்னால் கட்டப்பட்டுத் திருவண்ணாமலை உழவர் சந்தைக்கு வந்து சேரும் வரை மூச்சுவிட்டுக்கொண்டேதான் வருகிறது. வாங்கிப் போகிறவர் பையிலும் மூச்சுவிடுகிறது. அடுப்பில் ஏறும் வரைக்கும் அதற்கு உயிர் உண்டு.

எல்லாக் காயும் ஒரே வேகத்தில் மூச்சுவிடுவதில்லை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ வெண்டை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதே சூட்டில் ஒரு கிலோ காய்ந்த பெரிய வெங்காயம் வெளியிடுவது 10 மில்லிகிராம்கூட இருக்காது. வெங்காயம் பட்டறையில் மாதக்கணக்கில் கிடப்பதற்கும், வெண்டை இரண்டு மூன்று நாளில் சுருங்கிக் கறுத்துப் போவதற்கும் காரணத்தில் பெரும்பங்கு இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. வேகமாக மூச்சுவிடுகிற காய் தன்னையே வேகமாகச் செலவழித்துக்கொள்கிறது.

சூடு ஏறினால் இந்தச் செலவும் ஏறும். பொதுவாக 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் இரண்டு மடங்காகவோ மூன்று மடங்காகவோ ஆகிறது. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் திருவண்ணாமலை. அங்கே காலை ஐந்து மணிக்குப் பறித்த காயும் பதினொரு மணிக்குப் பறித்த காயும் ஒன்றாகாது. பின்னது வயல் வெப்பத்தையும் உள்ளே சுமந்துகொண்டு வருகிறது. சாக்கில் இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசம். மேலே சொன்ன 250 மில்லிகிராம் கணக்கில், வெப்பம் வெளியேற வழியே இல்லாமல் அடைத்து வைத்தால், வெண்டையின் சொந்தச் சுவாசமே அதன் சூட்டை மணிக்கு அரை டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். சூடு கூடினால் சுவாசம் கூடும், சுவாசம் கூடினால் சூடு கூடும். நெருக்கி அடுக்கிய மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு நடுவில் இருக்கும் அந்த வெதுவெதுப்பு தெரியும்.

கீரையின் நிலை இதைவிடப் பரிதாபம். அதன் மிடுக்கு முழுவதும் செல்களுக்குள் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தால் நிற்பது. எடையில் 3 முதல் 5 சதவீதம் நீர் போனாலே கட்டு துவண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத இழப்பும் உண்டு. சாதாரண அறைச் சூட்டில் ஒரு வாரம் வைத்த பசலைக்கீரையில் வைட்டமின் சி ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்று ஆய்வுகள் அளந்திருக்கின்றன.

இதையெல்லாம் தாவரவியல் பாடமாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு சந்தை எதற்காக இருக்கிறது, அது ஒரு வட்டாரத்தை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த மூச்சில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். காய்கறி பயிரிடுகிற சிறு விவசாயியின் பலவீனம் அவருடைய குணத்தில் இல்லை, படிப்பில் இல்லை. அவர் கூடையில் இருக்கும் பொருள் மணிக்கு மணி தேய்கிறது. எதிரே நின்று விலை கேட்பவர் கையில் இருக்கும் ரூபாய் நோட்டு தேயவில்லை.

1982-இல் ஏரியல் ரூபின்ஸ்டைன் என்ற இஸ்ரேலியப் பொருளாதார அறிஞர் இந்த நிலைமையைக் கணிதமாக எழுதினார். இரண்டு பேர் ஒரு தொகையைப் பங்கு பிரிக்கிறார்கள். ஒருவர் ஒரு பங்கு சொல்கிறார், மற்றவர் ஏற்கிறார் அல்லது மறுத்துத் தன் பங்கைச் சொல்கிறார். இப்படி மாறி மாறிப் பேரம் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றுத் தாமதத்திலும் பொருளின் மதிப்பு கொஞ்சம் குறைகிறது. முடிவில் யாருக்கு எவ்வளவு போகும்? காத்திருக்க முடிகிறவருக்கு அதிகம், முடியாதவருக்குக் குறைவு. நியாயம், உழைப்பு, செலவு எதுவும் அந்தச் சமன்பாட்டில் இல்லை. பொறுமை ஒன்றுதான் இருக்கிறது. நிலக்கடலை மூட்டையை வீட்டுத் திண்ணையில் அடுக்கிவிட்டு, ‘விலை ஏறட்டும், பார்க்கலாம்’ என்று ஒரு விவசாயி சொல்ல முடியும். கத்தரிக்காயை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. மதியம் நெருங்க நெருங்க விலையைச் சொல்கிற உரிமை அவரிடமிருந்து நழுவிப் போகிறது.

இந்திய ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுத் தாள்களில் இதன் விளைவு எண்ணாக இருக்கிறது. தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி எல்லாம் கொள்ளை என்று சொல்வது அநியாயம். அதில் வண்டி வாடகை இருக்கிறது, ஏற்றுகூலி இறக்குகூலி இருக்கிறது, அழுகிப் போனதற்கான நட்டம் இருக்கிறது, பல கைகளின் உழைப்பு இருக்கிறது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு என்பது மனத்தை உறுத்துகிற எண். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த நிலத்தில் காய்கறிக்கு ஒதுக்குவது ஐம்பது சென்டோ ஒரு ஏக்கரோ இருக்கலாம். அங்கே பத்துக் காசின் ஏற்றத்தாழ்வு பள்ளிக் கட்டணத்தில் தெரியும்.

இந்த இடத்தில்தான் உழவர் சந்தை வருகிறது. பஞ்சாபில் 1987-இல் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தை தொடங்கியது. ஆந்திரத்தில் 1999 ஜனவரி 26 அன்று ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி தொடங்கி வைத்தார். 2001-க்குள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அதன்பின் ஆட்சி மாறியபோது கவனிப்பு குறைந்து சில சந்தைகள் வெறிச்சோடின. 2006-க்குப் பிறகு அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டது. இன்று மாநிலம் முழுவதும் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்தில் மாவட்டத் தலைநகரில் மட்டுமின்றி ஆரணி, போளூர் போன்ற ஊர்களிலும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் தகரக் கூரையும் சிமென்ட் மேடையும்தான். அதற்குள் இருக்கும் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அந்தப் பேரக் கணிதத்தைத் தெரிந்தவர் யாரோ உட்கார்ந்து செதுக்கியதுபோல இருக்கும். விற்பவர் விவசாயியாக இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, சிட்டா, அடங்கல் பார்த்து, வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று அதிகாரிகள் நேரில் சரிபார்த்து, புகைப்படத்தோடு அடையாள அட்டை தருகிறார்கள். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை. எலக்ட்ரானிக் தராசு சந்தையிலேயே கிடைக்கும். மூட்டையோடு பேருந்தில் வருகிறவர்களுக்குச் சுமைக் கட்டணம் இல்லை என்ற சலுகையும் திட்டத்தோடு பிறந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக விலைப்பலகை. அன்றைய மொத்த விலையையும் வெளிக் கடைச் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடவும், சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி ஒரு விலை வைத்துச் சாக்கட்டியால் எழுதிவிடுகிறார்கள். பலகையில் விலை ஏறிய பிறகு, மதிய வெயிலைக் காட்டி மிரட்டுகிற பேரத்துக்கு அங்கே பெரிதாக இடமில்லை.

சந்தைக்கு வராத விவசாயிக்கும் இதனால் பயன் உண்டு என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பேரத்தில் ஒருவருடைய பலம், ‘இது வேண்டாம்’ என்று எழுந்து போனால் அவருக்கு வேறு என்ன கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. மண்டிக்கு மூட்டை ஏற்றுகிற விவசாயியிடம் அடையாள அட்டை ஒன்று சட்டைப் பையில் இருந்தால் போதும். இன்று இங்கே கட்டுபடியாகவில்லை என்றால் நாளை உழவர் சந்தையில் உட்காரலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தத் தெரிதலே விலையைக் கொஞ்சம் நகர்த்தும். ஊரில் நாலு தெரு தள்ளித் தள்ளுவண்டியில் காய் விற்கிற பெண்ணும், உழவர் சந்தை விலை என்ன என்று கேட்டுக்கொண்டுதான் தன் விலையைச் சொல்கிறார். ஒரு பலகை ஊர் முழுவதற்கும் ஓர் அளவுகோலாகிவிடுகிறது.

விலை பற்றிய தகவல் மட்டுமே இவ்வளவு செய்யுமா என்று சந்தேகம் வரலாம். அதற்கு அழகான சான்று நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 1990-களின் பிற்பகுதியில் வட கேரளக் கரையோரத்தில் மத்தி மீன் விலையை வாராவாரம் பதிவு செய்தார். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டினார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த துறைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பத் தயாராக இருந்தார்கள். பிறகு கைப்பேசிக் கோபுரங்கள் வந்தன. மீனவர்கள் கடலில் இருந்தபடியே கரைக்குப் பேசி, எங்கே விலை இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பினார்கள். மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கியே ஆக வேண்டும் என்று நாம் நினைப்பதற்கு மாறாக, இரு பக்கமும் பயனடைந்தது. வீணாய்ப் போனது மிச்சமாகி இருவருக்கும் பங்கானதே காரணம். மத்தியும் வெண்டையும் ஒரே சாதி. இரண்டுமே காத்திருக்காது.

வீணாவது நம்மிடம் எவ்வளவு? இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் லூதியானா நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கணக்கில், பழங்கள் காய்கறிகளில் பயிரைப் பொறுத்து 4.6 முதல் 15.9 சதவீதம் வரை அறுவடைக்குப் பின் இழக்கப்படுகிறது. அதற்குப் போட்ட தண்ணீர், உரம், களை எடுத்த கூலி எல்லாம் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது. வயலுக்கும் அடுப்புக்கும் நடுவில் உள்ள மணி நேரத்தைக் குறைப்பது அந்த இழப்பைக் குறைக்கிற நேரான வழி.

இனிப் பணத்தைப் பார்ப்போம். திருவண்ணாமலை வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் பருவத்துக்கு ஒருமுறை பணம் தரும் பயிர்கள். போட்ட நாளிலிருந்து விற்கிற நாள் வரை வீட்டில் காசு வற்றும். நல்லது கெட்டது வந்தால் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். விளைச்சலை இன்னாருக்கே தர வேண்டும் என்ற பேச்சோடு வரும் முன்பணமும் ஒருவகைக் கடன்தான். கால் ஏக்கர் கீரையும் அரை ஏக்கர் கத்தரியும் வைத்திருக்கிற குடும்பத்துக்கு வருமானத்தின் தாளமே வேறு. மொத்தத் தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் தினமும் கையில் விழுகிறது. சந்தையிலிருந்து திரும்பும் வழியிலேயே மருந்துக் கடைக்கும் உரக் கடைக்கும் மகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் அது போய்ச் சேரும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதைப் போலவே, எந்த இடைவெளியில் சம்பாதிக்கிறது என்பதும் அது கடனில் விழுமா, விழாதா என்பதைத் தீர்மானிக்கிறது. பால் மாடும் காய்கறித் தோட்டமும் பல வீடுகளைக் காப்பாற்றி வருவது இதனால்தான்.

அந்த ரூபாய் அதன்பிறகு எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தால் இன்னொரு கணக்கு தெரியும். சந்தையில் செலவான ஒரு ரூபாயில் பாதி உள்ளூரிலேயே மீண்டும் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பது காசில் பாதி, அதாவது இருபத்தைந்து காசு, மறுபடி உள்ளூரில் சுற்றும். பிறகு பன்னிரண்டரை. இந்தத் தொடரைக் கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் இரண்டு ரூபாயில் வந்து நிற்கும். உள்ளூரில் தங்குவது பாதிக்குப் பதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் கூட்டுத்தொகை ஒன்றேகால் ரூபாய்தான். முதலில் கைமாறிய ரூபாய் ஒன்றே. ஊருக்கு அது செய்த வேலை வேறு. இங்கிலாந்தில் புதிய பொருளாதார அறக்கட்டளை என்ற அமைப்பு 2001-இல் கார்ன்வால் பகுதியில் இப்படிக் காசைத் துரத்திக்கொண்டு போய் அளந்தது. உள்ளூர்ப் பண்ணை ஒன்றின் காய்கறிப் பெட்டிக்குக் கொடுத்த 10 பவுண்டு அந்த வட்டாரத்தில் 25 பவுண்டு அளவுக்கு வேலை செய்தது. பல்பொருள் அங்காடியில் கொடுத்த 10 பவுண்டு 14 பவுண்டோடு நின்றது. கார்ன்வாலின் எண்ணை அப்படியே தூக்கித் திருவண்ணாமலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் கத்தரி விற்ற காசு அவலூர்பேட்டைச் சாலையில் ஒரு மோட்டார் மெக்கானிக்கிடம் போய், அவரிடமிருந்து பக்கத்து டீக்கடைக்குப் போய், அங்கிருந்து பால்காரருக்குப் போகிற வழி எந்த ஊரிலும் ஒன்றுதான்.

சந்தை நெருக்கமாக இருந்தால் பயிரின் உடலே மாறுகிறது என்பது பலருக்கும் புதிதாக இருக்கும். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகைகளில் பழுப்பதற்கு முன் காம்புப் பக்கத்தோள் கரும்பச்சையாகவும் அடிப்பக்கம் வெளிறியும் இருக்கும். தொலைதூரச் சந்தைக்கு அனுப்புகிறவர்களுக்கு இது தொல்லை. எல்லாப் பழமும் ஒரே நிறத்தில் ஒரே நேரத்தில் பழுத்தால்தான் பறிக்கவும் அடுக்கவும் வசதி. அதனால் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக, சீராக வெளிர்பச்சையாக இருந்து சீராகச் சிவக்கும் வகைகளையே பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அதற்கு நாம் கொடுத்த விலையைக் கண்டுபிடித்தது. சீரான நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம், காய்க்குள் பசுங்கணிகங்களை வளர்க்கிற ஒரு புரதத்தை முடக்கிவிடுகிறது. பசுங்கணிகம் குறைந்தால் காய் தனக்குத்தானே தயாரித்துக்கொள்ளும் சர்க்கரை குறைகிறது. கண்ணுக்கு அழகாகச் சிவந்த பழம், நாக்கில் சப்பென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். லாரியில் போகத் தகுந்த தக்காளியை உருவாக்கியபோது இனிப்பையும் சேர்த்துக் களைந்துவிட்டோம்.

அரை மணி நேரத் தூரத்தில் சந்தை இருந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. தோல் மெலிந்த தக்காளியும், காம்பில் முள் இருக்கிற கத்தரியும், ஒரே நாளில் வாடிவிடுகிற மணத்தக்காளிக் கீரையும் அங்கே விலை போகும். வடக்கே வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காகிதத்தில் குறியீடு கிடைப்பது பெருமை. ஆனால் அந்த விதையை அடுத்த ஆண்டும் விதைக்க வைப்பது, ‘முள்ளு கத்தரி வந்திருக்கா?’ என்று தேடி வருகிற பக்கத்து ஊர்க்காரர்தான். பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை என்று கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் மேடையைக் குளிரூட்டிய பெரிய கடைகளில் காண முடியாததற்குக் காரணமும் இதுவே. நீண்ட பயணத்துக்குத் தாங்காத செடிகள் குறுகிய பாதையின் ஓரத்தில்தான் பிழைத்திருக்கும்.

மனிதர்களைப் பற்றிச் சொல்ல, கொஞ்ச தூரம் சீனா வரை போய்வர வேண்டும். வில்லியம் ஸ்கின்னர் என்ற மானுடவியலாளர் 1949-50-இல் சிச்சுவான் மாகாணத்தில் காவ்தியன்ட்சி என்ற சந்தை ஊரில் தங்கியிருந்தார். கிராமத்தைத்தான் விவசாயியின் உலகம் என்று அதுவரை ஆய்வாளர்கள் எழுதிவந்தார்கள். ஸ்கின்னர் வேறொன்றைக் கண்டார். விவசாயியின் உலகம் அவருடைய சந்தை எவ்வளவு தூரத்து ஆட்களை இழுக்கிறதோ அவ்வளவு பெரியது. சுமார் 18 கிராமங்கள், 1500 குடும்பங்கள். ஐம்பது வயதுக்குள் ஒரு விவசாயி தன் சந்தைக்கு மூவாயிரம் தடவைக்கு மேல் போய்வந்திருப்பார் என்று அவர் கணக்கிட்டார். பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்த வட்டத்துக்குள் நடந்தது. சீட்டுப் பிடிப்பதும் அங்கேதான். பேச்சு வழக்கும் எடைக்கல்லும்கூட அந்த எல்லையோடு மாறின. நம்முடைய வாரச் சந்தைகளை அறிந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. ஒரு ஊருக்குச் செவ்வாய், அடுத்த ஊருக்கு வியாழன், அதற்கடுத்ததற்குச் சனி என்று நாட்களைப் பிரித்துக்கொண்ட அந்த ஏற்பாட்டில், வியாபாரி சுற்றிவர முடிந்தது, வாங்குகிறவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சந்தை இருந்தது. மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வெற்றிலைக் கடையோரத்தில்தான் தொடங்கும்.

உழவர் சந்தை தினமும் கூடுவது. அதனால் உறவு இன்னும் அடர்த்தியாகிறது. செங்கம் பக்கத்து விவசாயியும் வேட்டவலம் பக்கத்து விவசாயியும் வேறு எங்கும் அடுத்தடுத்து உட்கார வாய்ப்பில்லை. இங்கே ஒருவர் டீ குடிக்கப் போனால் மற்றவர் அவர் தராசையும் பார்த்துக்கொள்கிறார். மாவுப்பூச்சிக்கு என்ன அடித்தார், எந்த விதைக் கம்பெனிப் பாக்கெட் முளைக்கவில்லை, சொட்டுநீர் மானியத்துக்கு எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் காய் நிறுக்கிற இடைவெளியில் கைமாறுகின்றன. 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் வேலை மாறியவர்களை விசாரித்தபோது, வேலை பற்றிய துப்பு நெருங்கிய நண்பர்களிடமிருந்து வந்ததைவிட, எப்போதாவது பார்க்கிற அறிமுகங்களிடமிருந்தே அதிகம் வந்திருந்தது. காரணம் எளியது. நம்மோடு நெருங்கி வாழ்கிறவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். புதுச் செய்தி வேறு ஊரிலிருந்துதான் வர வேண்டும். ஒரே கிராமத்துக்குள் சாதியும் தெருவும் பிரித்து வைத்திருக்கிற செய்திகள் சந்தை மேடையில் கலப்பதை நான் இந்த ஏற்பாட்டின் பெரிய கொடையாகக் கருதுகிறேன்.

வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே வளர்வது நம்பிக்கை. சொத்தைக் கத்தரியைக் கூடையின் அடியில் தள்ளி விற்றவர் மறுநாளும் அதே இடத்தில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். நாளைக்கும் சந்திப்போம் என்ற நிச்சயம் இருந்தால் நேர்மை லாபகரமாகிறது. கறிவேப்பிலையை இனாமாகச் செருகிக் கொடுப்பதும், சில்லறை இல்லாத வாடிக்கையாளரிடம் ‘நாளைக்குக் குடுங்கம்மா’ என்பதும் இந்த நிச்சயத்தின் மேல் நடக்கிற சிறு முதலீடுகள்.

திருவண்ணாமலைக்கு மட்டும் உரிய ஒரு விஷயம் உண்டு. இந்த ஊரின் பசி நிலவைப் பார்த்து ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் நிற்கிறது. அன்னதானக் கூடங்கள், ஓட்டல்கள், மடங்கள், ஆசிரமங்கள் எல்லாம் காய்கறி கேட்கும். உள்ளூர் வீடுகளிலும் அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி என்று கவிச்சி தொடாத நாட்கள் நிறைய. மற்ற ஊர்களில் தேவை எப்போது கூடும் என்பதை வியாபாரிகள் ஊகிக்க வேண்டும். இங்கே பஞ்சாங்கத்தில் அச்சடித்திருக்கிறது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு இருபத்தொன்பதரை நாள். சிறுகீரை விதைத்து அறுவடைக்கு வர ஏறக்குறைய 25 நாள். ஆக, நிலவு தேயத் தொடங்குகிற வாரத்தில் பாத்தி கட்டி விதைத்தால், அடுத்த கிரிவலக் கூட்டத்துக்குக் கட்டு தயாராக இருக்கும். பயிரின் வயதும் ஊரின் திருவிழாச் சுழற்சியும் இவ்வளவு பொருந்தி வருவது அபூர்வம். தோட்டக்கலைத் துறையும் சந்தை நிர்வாகமும் சேர்ந்து இந்த நாட்காட்டியை விதைப்புத் திட்டமாகவே விவசாயிகளுக்குத் தரலாம். மலையைச் சுற்றி நடப்பவர்களின் சாப்பாட்டில் எத்தனை பங்கு மலையைச் சுற்றியுள்ள வயல்களிலிருந்து வருகிறது என்பது கோயில் நகரமாக இந்த ஊர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. மேற்கே ஜவ்வாது மலையில் விளையும் சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் இதே கேள்வி பொருந்தும்.

உழவர் சந்தையால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். லாரி நிறைய முட்டைக்கோஸ் வந்தால் அதை வாங்கிக்கொள்ளும் வயிறு மண்டிக்குத்தான் உண்டு. அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பதும் மண்டிக்காரர்தான். விவசாயி பெயரில் வியாபாரிகள் நுழைந்துவிடுகிறார்கள் என்ற முறையீடு மாநிலத்தின் பல சந்தைகளில் கேட்பது. இன்னொரு பக்கம், சிட்டாவையும் பட்டாவையும் அடிப்படையாக வைத்த அடையாள அட்டை, வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவரைத் தடுமாற வைக்கிறது. பெண்கள் நிலையும் அப்படியே. 2015-16 கணக்கெடுப்பில் இந்தியாவின் விவசாயக் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் இருந்தவை சுமார் 14 சதவீதம். சந்தை மேடையில் உட்கார்ந்து கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை ஒரு காலை நேரம் நின்று பார்த்தாலே, காகிதத்துக்கும் உழைப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி புரியும். பயிர் நிற்கிற வயலைப் பார்த்து அட்டை கொடுக்கிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே முதன்மையாக்கி, உழுகிற கைக்கு அட்டை கொடுப்பது கடினமான காரியமில்லை.

மற்றொரு குறை மதியத்தில் தெரிவது. பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் கரைந்ததும் கூடையில் மீந்த நான்கைந்து கிலோ காய், வந்த விலைக்குப் போகிறது, அல்லது மாட்டுக்குப் போகிறது. பலகை கொடுத்த பலம் அந்த நேரத்தில் விவசாயியை விட்டுப் போய்விடுகிறது. இதற்குப் பெரிய குளிர்பதனக் கிடங்கும் அதற்கான மின்கட்டணமும்தான் வழி என்றில்லை. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களிலேயே மின்சாரம் இல்லாத குளிர் அறை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவில் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்று மணல். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும், மேலே கீற்றுப் பந்தல் போட வேண்டும். வேலை முழுவதையும் ஆவியாதல் செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. 60 கிலோ காய்கறியின் சூட்டை 10 டிகிரி இறக்க அவ்வளவு போதும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் இந்த அறை அவ்வளவு வேலை செய்யாது. திருவண்ணாமலையின் வறண்ட கோடைக்கு இது ஏற்றது. வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறைவாகவும், காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். காயின் சுவாசம் பாதிக்கும் கீழே இறங்கும், கீரையும் துவளாது. ஓர் அறையில் ஏறத்தாழ 100 கிலோ பிடிக்கும். கொத்தனார் ஒருவர் சில நாளில் கட்டி முடிக்கக்கூடிய இதைச் சந்தை வளாகத்தின் நிழலான மூலையில் நான்கைந்து கட்டி வைத்தால், மீந்த கூடையை அங்கே இறக்கிவிட்டு, வெறுங்கூடையோடு மதியப் பேருந்தைப் பிடிக்கலாம். மறுநாள் காலை புதுக் காயோடு அதையும் சேர்த்து, பலகை விலைக்கே நிறுத்துக் கொடுக்கலாம்.